வாடைக்கு அஞ்சி வாசலைப் பூட்டலாமா?



இனிப்பு நீர் இருப்பதை நாம் மறைப்பதில்லை. கல்யாணப் பந்தியில் "எனக்குப் பாயாசம் வேண்டாம், இனிப்பு நீர்" என்று உரக்கவே சொல்கிறோம். இரத்தக் கொதிப்புக்கு எத்தனை மாத்திரை விழுங்குகிறோம் என்று பக்கத்து வீட்டாரிடம் கணக்குச் சொல்கிறோம். ஆனால், குடலில் அறுவைச் சிகிச்சை முடிந்து, வயிற்றில் ஒரு பையை ஒட்டிக் கொண்டு வீடு திரும்பியவரைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நம் குரல் தானாகத் தாழ்ந்து விடுகிறது. அவரும் கதவைச் சாத்திக் கொள்கிறார். நாமும் "பாவம்" என்று சொல்லி விட்டு வேறு பேச்சுக்குப் போய் விடுகிறோம்.

அந்தக் கதவை இம்மாதம் கொஞ்சம் திறந்து பார்ப்போம். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம்மில் எவருக்கும் வரக் கூடியதுதான் இது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டு ஆண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான். பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் அதற்கு. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் தோலுக்குக் கொண்டு வந்து ஒரு வாய் அமைக்க வேண்டியிருக்கிறது. விபத்தில் குடல் கிழிந்தவர்கள், குடல் அடைத்துக் கொண்டவர்கள், பிறவிக் குறையோடு பிறந்த குழந்தைகள் ஆகியோருக்கும் இச்சிகிச்சை உண்டு. சிலருக்குச் சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கு ஆயுள் முழுவதும்.

அந்த வாயைத்தான் ஸ்டோமா என்கிறார்கள். இயற்கை வழியில் போக வேண்டியது இந்த வாய் வழியாக வந்து, வயிற்றில் ஒட்டிய பையில் சேர்கிறது. இறுக்கி மூடும் தசை இந்த வாய்க்குக் கிடையாது. ஆகவே வேண்டியபோது அடக்கவும் முடியாது, விடவும் முடியாது. மலம் மட்டுமா? காற்றும் அப்படித்தான் வரும். அந்தக் காற்றும், அதைச் சமாளிக்கப் பையில் வைத்திருக்கும் சிறு வடிகட்டியும்தான் இன்றைய பேச்சு.

ஒரு கறுப்பு வட்டம்

மூவாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர் அவர். ஒரு நாள் மாலை, துணிப்பைக்குள் ஒரு பெட்டியை மறைத்து எடுத்துக் கொண்டு என்னைத் தேடி வந்தார். பெட்டிக்குள் இருந்த தாளில் ஆங்கிலமும் வேறு பல மொழிகளும் இருந்தன, தமிழ் இல்லை. தோட்டத்தில் கடிதம் வந்தாலும் நோட்டீசு வந்தாலும் வாத்தியாரிடம் கொண்டு வந்து படிக்கச் சொல்வது பழைய வழக்கம் அல்லவா?

"வாத்தியாரே, இந்தப் பையோட தலைமாட்டுல கறுப்பா சின்னதா ஒரு வட்டம் இருக்கே, அது எதுக்கு?"

"அது வடிகட்டி, அண்ணே. காத்து வெளியே போயிடும். வாடை உள்ளேயே நின்னுடும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் காத்து போகட்டுமேன்னு ராத்திரியில குண்டூசியால குத்தி விட்டுக்கிட்டு இருக்கேன். அதனாலதான் நாறுதோ?" என்றார்.

ஆறு மாதமாக அவர் கோயிலுக்குப் போகவில்லை. மூவார் டவுனுக்குப் பேருந்தில் ஏறவில்லை. பேரனின் விளையாட்டுப் போட்டிக்கு வரவில்லை. ஓர் ஊசித் துளை ஒரு மனிதரை ஆறு மாதம் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது. அந்தத் தாளில் படித்ததையும், பிறகு தாதியரிடமும் பை அணிந்து வாழும் மற்றவர்களிடமும் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், உங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்கு இது உதவக் கூடும்.

பை வந்த கதை

இன்றைய மெல்லிய பை வருவதற்கு முன்பு, உலோகக் கிண்ணத்தையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் வாரால் வயிற்றில் கட்டிக் கொண்டவர்கள் உண்டு. பிறகு ரப்பர் பை வந்தது. 1940களில் பெயர் பெற்ற ரப்பர் பை ஒன்று, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கேனிக் என்ற வேதியியல் மாணவர் தம் சொந்தத் தேவைக்காகச் செய்து கொண்டதிலிருந்து பிறந்தது. ரப்பர்ப் பால் கலந்த பசையால் அதைத் தோலில் ஒட்டினார்கள். நம் தோட்டங்களில் வெட்டிய பால் உலகத்தில் எந்தெந்த வேலைக்கெல்லாம் போயிருக்கிறது, பார்த்தீர்களா! ஆனால் ரப்பர் பை கனமானது. கழுவிக் கழுவி மறுபடியும் கட்ட வேண்டியது. வாடை ஒரு முறை ரப்பரில் ஏறி விட்டால் எளிதில் இறங்காது.

1954ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டில் எலிசே சோரன்சன் என்ற தாதி ஒருவர் இருந்தார். அவருடைய தங்கை தோராவுக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடந்தது. பை ஒழுகி விடுமோ, நாலு பேர் மத்தியில் மானம் போய் விடுமோ என்று அஞ்சிய தோரா வெளியே போவதையே நிறுத்தி விட்டார். தங்கையின் நிலையைக் கண்ட அக்காள், தோலில் தானே ஒட்டிக் கொள்ளும், ஒரு முறை உபயோகித்து எறிந்து விடும் பிளாஸ்டிக் பையை யோசித்தார். பிளாஸ்டிக் தொழில் செய்த ஆகே லூயி ஹான்சன் முதலில் தயங்கினார். தாதிப் பயிற்சி பெற்ற அவருடைய மனைவி யோகன்னா எடுத்துச் சொன்ன பிறகே இணங்கினார். 1957இல் கோலோபிளாஸ்ட் என்ற நிறுவனம் அதிலிருந்து தோன்றியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் அடைந்து விட்ட ஒரு பெண் மறுபடியும் தெருவில் இறங்கி நடக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பை பிறந்தது. அதை அணிந்து கொண்டு ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்து விட்டால், பை செய்த நோக்கமே வீண்.

கரி செய்யும் வேலை

பிளாஸ்டிக் பை வாடையை நன்றாகத் தடுத்தது. ஆனால் வாடையைத் தடுக்கும் பை காற்றையும் தடுக்கும் அல்லவா? காற்றுப் போக வழியில்லாமல் பை பலூன் போல ஊதியது. சட்டைக்குள் ஏதோ ஒளித்து வைத்திருப்பது போலத் தெரிந்தது. ஓட்டை போட்டால் வாடை, போடாவிட்டால் வீக்கம். இதற்கு நடுவழிதான் வடிகட்டி.

நம் வயிற்றுக் காற்றில் பெரும்பகுதிக்கு வாடையே கிடையாது. நைட்ரஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, மீத்தேன் முதலியவை அவை. நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் கந்தகக் கலப்பு வாயுக்கள்தாம் மூக்கைப் பிடிக்க வைக்கின்றன. ஆகவே எல்லாக் காற்றையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. அந்தச் சிறு பங்கை மட்டும் பிடித்தால் போதும். அந்த வேலையைக் கரி செய்கிறது.

குளிர்சாதனப் பெட்டியில் மீன் வாடை போக ஒரு கரித்துண்டை வைக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. அதே கரிதான், ஆனால் மெருகேற்றிய கரி. கொட்டாங்கச்சி போன்றவற்றைக் கரியாக்கி, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் நீராவியை அதன் மீது செலுத்துவார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரே ஒரு கிராம் கரியில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அதாவது கால் ஏக்கர்! வாடை வாயுக்கள் அந்தச் சுவர்களில் ஒட்டிக் கொண்டு நின்று விடுகின்றன. முதல் உலகப் போரில் நச்சுக் காற்றிலிருந்து சிப்பாய்களைக் காத்த முகமூடிகளிலும் இதே கரிதான் இருந்தது. இலங்கையில் ஹேகார்ப் நிறுவனம் 1973 முதல் இத்தொழிலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கத்திலும் கொட்டாங்கச்சிக் கரித் தொழில் நடக்கிறது. நாம் தேங்காய் துருவி விட்டு எறியும் ஓட்டுக்குள் இத்தனை மகிமை இருக்கிறது.

பையில் இந்தக் கரியை மெல்லிய பஞ்சு போன்ற ஒரு வில்லையில் ஏற்றி, மேல் பக்கத்தில் பதித்திருப்பார்கள். உள்ளேயிருந்து ஈரம் வராமல் தடுக்க ஒரு மெல்லிய திரையும் இருக்கும். காற்று மெதுவாகக் கசிந்து கரியின் வழியே வெளியேறும்.

எவ்வளவு நேரம் உழைக்கும்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்த வடிகட்டி உண்மையில் வேலை செய்கிறதா? செய்கிறது. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. பொதுவாக 12 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். அணிந்து வாழ்பவர்களைக் கேட்டால், சிலர் "ஒரு நாள் தாங்குகிறது" என்கிறார்கள். சிலர் "காலையில் ஒட்டினால் மத்தியானத்துக்குள் முடிந்து விடுகிறது" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையே. காரணம் ஈரம்.

கரி வில்லை நனைந்து விட்டால் காற்றுப் போகும் வழி அடைந்து விடும். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வாய் வைத்தவருக்கு மலம் ஓரளவு கெட்டியாக வரும், வடிகட்டி பிழைக்கும். சிறுகுடலில் வாய் வைத்தவருக்குக் கஞ்சி போல நீராக வரும். படுத்து எழுந்தாலே அது மேலே ஏறி வில்லையை நனைத்து விடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக உழைத்த பை நமக்கு உழைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பை வேறாக இருக்க வேண்டியதில்லை, வயிறு வேறு. சிறுநீருக்காக வாய் வைத்தவர்களின் பையிலோ வடிகட்டியே இருக்காது; அங்கே காற்றுத் தொல்லை இல்லை.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அடி மூடிய பையை ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு முறை கழற்றி எறிந்து விடுவார்கள். அங்கே வடிகட்டியின் ஆயுளும் பையின் ஆயுளும் ஏறக்குறைய சமம். வால் முனையைத் திறந்து காலி செய்யும் பையை இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள். அங்கே முதல் நாளோடு வடிகட்டி ஓய்ந்து விடும். மீதி நாள் அது வெறும் அலங்காரம். இதை அறியாதவர்கள் "கெட்ட பையைத் தலையில் கட்டி விட்டார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

செலவு செய்யத் தயங்கிப் பையைக் கழுவிக் கழுவி ஒட்டுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பைக்கும் வெள்ளி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பைக்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசினால், அந்த நிமிடமே வடிகட்டி போயிற்று. வால் பகுதியை மட்டும் உள்ளும் புறமும் மெல்லிய தாளால் துடைத்தால் போதும். மேல் பகுதிக்குத் தண்ணீர் ஏற விடக் கூடாது.

குளிக்கும்போதும் கவனம் தேவை. வாளியில் மொண்டு ஊற்றினாலும் குழாயின் கீழ் நின்றாலும், வடிகட்டியின் வெளித் துளை நனையும். இதற்காகவே பல பெட்டிகளில் சிறு ஒட்டு வில்லைகள் வைத்திருக்கிறார்கள். பலர் அது என்னவென்று தெரியாமல் குப்பையில் போட்டு விடுகிறார்கள். குளிக்கும் முன் அதைத் துளையின் மேல் ஒட்ட வேண்டும். துடைத்து முடித்ததும் மறக்காமல் எடுத்து விட வேண்டும். எடுக்க மறந்தால் பை ஊதும்.

ஊதுவதும் ஒட்டிக் கொள்வதும்

வடிகட்டி ஓய்ந்து விட்டால் பை ஊதும். அதற்கு ஊசி மருந்தாகாது. குத்திய துளை மூடாது. அதன் வழியே கரி இல்லாமல் வாடை நேராக வெளியே வரும். கழிவறைக்குப் போய், வால் முனையைத் திறந்து காற்றை விட்டு மூடுவதே சரியான வழி. ஒட்டுத்தட்டும் பையும் தனித்தனியாக உள்ள வகையில் பல பைகளை மேல் விளிம்பில் சற்றே திறந்து காற்றை விட்டு மறுபடியும் பொருத்தலாம். நீராகப் போகும் சிலர், "எப்படியும் நனையப் போகிறது, பிறகு எதற்கு?" என்று வடிகட்டி இல்லாத பையையே வாங்கி, நாளுக்குச் சில முறை காற்றைத் தாங்களே விட்டு விடுகிறார்கள். அதுவும் தப்பில்லை.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்றும் உண்டு. வடிகட்டி மிக நன்றாக வேலை செய்தால், பையில் காற்றே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒட்டிக் கொள்ளும். அப்போது கெட்டியான மலம் கீழே இறங்காமல், அப்பம் போல வாயைச் சுற்றியே அப்பிக் கொள்ளும். பிறகு ஒட்டுத்தட்டு கிளம்பும்; ஒழுகும். இதற்குக் கைவைத்தியம் எளிது. பையை ஒட்டும் முன் இரண்டு பக்கங்களையும் பிரித்து விட்டுக் கொஞ்சம் காற்றை உள்ளே விடுங்கள். நான் மேலே சொன்ன ஒட்டு வில்லையை வடிகட்டியின் மேல் சில மணி நேரம் ஒட்டி வையுங்கள். பைக்குள் விடுவதற்கென்றே வழுக்கும் திரவம் விற்கிறார்கள். இல்லாவிட்டால் சில சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம், ஆனால் ஒட்டும் பகுதியில் படக் கூடாது. மலம் இறுகி விட்டால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

வாடை எங்கிருந்து வருகிறது?

"வாடை வருகிறது" என்றதும் எல்லாரும் வடிகட்டியைத்தான் பழிக்கிறார்கள். ஆனால் வாடைக்கு மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று, ஒட்டுத்தட்டின் ஓரம் கிளம்பிக் கசிவது. இரண்டு, வால் முனையைச் சரியாகத் துடைக்காமல் மூடுவது. மூன்றாவதுதான் வடிகட்டி. எது என்று அறிய ஒரு சிறு சோதனை செய்யலாம். வடிகட்டியின் மேல் ஒட்டு வில்லையை ஒட்டுங்கள். வாடை நின்றால் கரி முடிந்து விட்டது. நிற்காவிட்டால் ஓரத்தையும் வாலையும் பாருங்கள். ஓரத்தில் கசிவு இருந்தால் மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்காதீர்கள். மலம் பட்ட தோல் புண்ணாகி விடும். உடனே மாற்றி விடுங்கள்.

வாடை போகச் சிலர் பைக்குள் ஆஸ்பிரின் மாத்திரை போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். அது ஸ்டோமாவைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். கற்பூரம், அத்தர் முதலியவற்றையும் அண்ட விடாதீர்கள். பைக்கென்று செய்த வாடை நீக்கிச் சொட்டு மருந்து கிடைக்கிறது, அது போதும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யும் பழக்கம் எல்லாவற்றையும் விட நல்லது. கனம் குறையும், ஓரம் கிளம்பாது, வில்லையும் நனையாது. இரவு படுக்கப் போகும் முன் கட்டாயம் காலி செய்ய வேண்டும். பைப் பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்குப் பசை இளகி விடும்.

சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடப்பவர்களும் உண்டு. அது தேவையில்லை. வெங்காயம், பயறு வகைகள், முட்டைக்கோசு, பெத்தாய், டுரியான், முட்டை, மீன் ஆகியவற்றில் சில காற்றைக் கூட்டும், சில வாடையைக் கூட்டும். எல்லாருக்கும் எல்லாமும் செய்வதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால் உங்கள் வயிறு எதைத் தாங்குகிறது என்று இரண்டு வாரத்தில் தெரிந்து விடும். சாப்பிட்டதற்கும் காற்று வருவதற்கும் ஓர் இடைவெளி உண்டு. சிறுகுடல் வாய்க்காரருக்கு 2 முதல் 4 மணி நேரம். பெருங்குடலின் கடைசியில் வாய் உள்ளவருக்கு 6 முதல் 8 மணி நேரம். இந்தக் கணக்குத் தெரிந்தவர், மாலைக் கல்யாணத்துக்குப் போகிற நாளில் எந்த வேளை எதைத் தவிர்க்க வேண்டும் என்று தாமே முடிவு செய்து கொள்வார். பரோட்டாவும் அசாம் பெடாசும் அவருக்கு விலக்கு அல்ல. மென்று மெதுவாகச் சாப்பிடுவதும், புட்டிச் சோடாவையும் புகையையும் குறைப்பதும் விழுங்கும் காற்றைக் குறைக்கும்.

நல்ல நேரத்தை நல்ல காரியத்துக்கு

மேலே சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் இதுதான். வடிகட்டிக்கு நல்ல நேரம் என்பது ஒட்டிய முதல் சில மணி நேரம். அந்த நேரத்தை வீட்டில் தூங்கிக் கழிக்க விடலாமா? நாலு பேரோடு கலக்கும் காரியத்துக்குச் செலவிட வேண்டும். திருவிழாவோ, சாவு வீடோ, மருத்துவரைப் பார்க்க மூவார் சுல்தானா பாத்திமா மருத்துவமனைக்குப் போவதோ எதுவானாலும், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு புதுப் பை ஒட்டுங்கள். பசை உடம்புச் சூட்டில் நன்றாகப் பிடிக்க அந்த இடைவெளி உதவும். தனித்தட்டு வகையானால் பையை மட்டும் மாற்றலாம், செலவும் குறைவு. ஒரு மாற்றுப் பை, மெல்லிய தாள், குப்பைக்கு ஒரு நெகிழிப் பை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் நாளில் பழைய பையே இருக்கட்டும்.

நான் முன்பு சொன்ன அந்த அண்ணன் இந்தக் கணக்கைப் பிடித்துக் கொண்டார். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு மத்தியானம் புதுப் பை. முதல் வாரம் கோயில் வாசல் தூணோரமாக நின்றார். மறு வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார். "யாராச்சும் மூக்கைத் தொடுறாங்களான்னே பாத்துக்கிட்டு இருந்தேன், வாத்தியாரே. எல்லாரும் சாமியைத்தான் பாத்தாங்க" என்றார்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

கரி வில்லை வாடையைத்தான் பிடிக்கும். நம் பார்வையையும் பேச்சையும் பிடிக்கும் வடிகட்டி எந்தக் கடையிலும் இல்லை. அது நம் பொறுப்பு.

அவர் அறைக்குள் வந்ததும் சன்னலைத் திறக்காதீர்கள். ஊதுபத்தி ஏற்றாதீர்கள். தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்காதீர்கள். இது தொற்றும் நோய் அல்ல. பையில் காற்றுச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கக் கூடும். வயிறு பேசுகிறது என்று சொல்லி விடுங்கள். அவர்களும் மறந்து விடுவார்கள். மனைவிமார்கள், மகள்மார்கள் பையை மாற்ற உதவுவது நல்லதுதான். ஆனால் கையால் செய்ய முடிந்தவரைத் தாமே செய்ய விட வேண்டும். அவருக்குத் தன் உடம்பு தன் கையில் இருக்கிறது என்ற தைரியம் அப்போதுதான் வரும். குளியலறையில் ஒரு கொக்கி, ஒரு சிறு கண்ணாடி, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகிய மூன்றும் போதும்.

காலி செய்த பையைக் கழிவறைக்குள் போட்டால் அடைத்துக் கொள்ளும். பழைய நாளிதழில் சுற்றி, நெகிழிப் பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் கொளுத்தும் பழைய தோட்டத்து வழக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் புகை எல்லார் நெஞ்சுக்கும் கேடு.

சிலவற்றில் தாமதம் கூடாது. ஸ்டோமாவின் சிவப்பு நிறம் மாறிக் கருநீலமோ கறுப்போ ஆனால், வலியும் வாந்தியுமாக எதுவும் வெளியே வராமல் நின்றால், இரத்தம் நிற்காமல் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் எரிச்சல், ஒழுகல், பை பொருந்தாமை போன்றவற்றை ஸ்டோமாப் பயிற்சி பெற்ற தாதியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரே வகைப் பையைத்தான் அணிய வேண்டும் என்ற சட்டம் இல்லை. உங்கள் வயிற்றுக்கும் வேலைக்கும் எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வார்கள்.

உலக ஆஸ்டமி தினம் என்று ஒரு நாளை 1993 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அக்டோபர் முதல் சனிக்கிழமையில் பல நாடுகளிலும் கொண்டாடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மற்றவர்களைப் போலவே வாழ வேண்டும். அதற்கு வேண்டிய விவரமும் பொருளும் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் தோட்டத்தில், உங்கள் தாமானில், கொஞ்ச நாளாக வெளியே வராத ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால், பிள்ளைகளில் ஒருவரை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த விசேடத்துக்கு அவரை நேரில் போய் அழையுங்கள்.